சரிவுகளால் ஆன கதவு

வடகிழக்குப் பருவமழை தொடங்கி மூன்று நாள் ஆகியிருந்தது. காரில் ஓட்டுநர் பக்கத்துக் கால்மிதியைத் தற்செயலாகத் தூக்கினேன். அடியிலிருந்த கம்பளம் ஊறிப்போய்ச் சொதசொதவென்று கிடந்தது. கண்ணாடியை முழுக்க ஏற்றித்தான் வண்டியை நிறுத்தியிருந்தேன். கதவைச் சுற்றியுள்ள ரப்பரில் கிழிசல் இல்லை. கூரையும் முன்கண்ணாடியின் ஓரங்களும் காய்ந்தே இருந்தன. பிறகு இவ்வளவு தண்ணீர் எந்த வழியாக வந்தது?

தெருமுனையில் நெடுங்காலமாகப் பட்டறை வைத்திருக்கும் பெரியவரிடம் போய்க் கேட்டேன். அவர் காரைப் பார்க்கக்கூட எழுந்திருக்கவில்லை.

"கண்ணாடி வேலை ஏதாச்சும் பாத்தீங்களா சார்?"

"போன மாசம் பவர் விண்டோ நின்னுபோச்சு அண்ணே. வேற ஒரு இடத்துல குடுத்து மாத்தினேன்."

"அப்ப டோர் பேடைக் கழட்டிப் பாருங்க. உள்ள இருக்கற ஷீட்டை ஒழுங்கா ஒட்டியிருக்க மாட்டாங்க. கதவுக்குள்ள தண்ணி வரத்தான் செய்யும். வந்த தண்ணி எந்தப் பக்கம் போகுதுங்கறதுதான் விஷயம்."

கதவுக்குள் தண்ணீர் வரத்தான் செய்யுமா? மழையைத் தடுப்பதற்குத்தானே கதவு? அந்தக் கேள்வியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலையில் இறங்கினேன். மாலையில் எழுந்தபோது கதவைப் பற்றி எனக்கிருந்த கருத்தே மாறிப்போயிருந்தது. காரின் கதவு ஒரு தடுப்புச் சுவர் என்று நாம் நினைக்கிறோம். அதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பவை அத்தனையும் சரிவுகள். பள்ளியில் 'எளிய இயந்திரங்கள்' பாடத்தில் படித்தோமே, லாரியில் பீப்பாய் ஏற்றச் சாய்த்து வைக்கும் பலகை, அந்தச் சாய்தளம்தான் திருகாகவும் கிளிப்பாகவும் கியராகவும் தண்ணீர் வடியும் வழியாகவும் கதவு முழுக்க வேடம் மாற்றி உட்கார்ந்திருக்கிறது.

பேட்டரியிலிருந்து தொடங்குவோம்

டோர் பேட் என்று பட்டறைகளில் சொல்வது கதவின் உட்பக்கத்து அலங்காரப் பலகையை. கைப்பிடி, கண்ணாடிப் பொத்தான், பாட்டில் வைக்கும் குழி எல்லாம் இருப்பது அதில்தான். அதைக் கழற்ற அரை மணி நேரம் போதும். ஆனால் முதல் பத்து நிமிடம் கதவைத் தொடவே கூடாது.

முதலில் கண்ணாடியை முழுக்க மேலே ஏற்றிவிடுங்கள். சாவியைக் காரைவிட்டு வெளியே எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றுங்கள். கழற்றியதும் சில நிமிடம் சும்மா இருங்கள். இந்தக் காத்திருப்புக்குக் காரணம் ஏர்பேக். விபத்தில் பேட்டரியே நசுங்கி மின்சாரம் அறுந்தாலும் ஏர்பேக் விரிய வேண்டும். அதற்காக அதன் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் மின்தேக்கிகள் கொஞ்சம் மின்னாற்றலைச் சேமித்து வைத்திருக்கின்றன. பேட்டரியைக் கழற்றிய கணத்தில் அந்தச் சேமிப்பு தீர்ந்துவிடாது, மெல்லத்தான் வடியும். எத்தனை நிமிடம் பொறுக்க வேண்டும் என்பது காரின் கையேட்டில் இருக்கும்.

சில கார்களில் பக்கவாட்டு ஏர்பேக்கே கதவுக்குள் இருக்கிறது. பேடின் மேல் ஏர்பேக் என்ற முத்திரை இருந்தால் அந்த வேலையை வீட்டில் செய்யாதீர்கள்.

கருவிகள் அதிகம் வேண்டாம். ஸ்டார் ஸ்குரூடிரைவர் ஒன்று, ட்ரிம் டூல் என்று கடையில் கேட்டால் தரும் பிளாஸ்டிக் நெம்புகோல் ஒன்று, திருகுகளைப் போட்டு வைக்க முட்டை அட்டை ஒன்று. இரும்பு நெம்புகோல் ஆகாது, அது பெயின்ட்டைவிடக் கடினம். பிளாஸ்டிக் பெயின்ட்டைவிட மென்மையானது. உராய்ந்தால் தேய்வது கருவியாகத்தான் இருக்கும்.

நழுவுவதும் ஒரு சரிவுதான்

பேடைப் பிடித்திருப்பவை இரண்டு வகை. கண்ணுக்குத் தெரியாத கிளிப்புகள் ஒரு வகை, தெரியாதபடி மறைத்து வைத்த திருகுகள் இன்னொரு வகை. கைப்பிடிக் குழிக்குள் நகக்கண் அளவில் ஒரு மூடி இருக்கும். அதை நெம்பினால் கீழே ஒரு திருகு. கதவைத் திறக்கும் உள்கைப்பிடிக்குப் பின்னால் இன்னொன்று. பக்கக் கண்ணாடியின் முக்கோண மறைப்புக்குக் கீழே சில கார்களில் ஒன்று. கைப்பிடித் திருகைத்தான் மறக்கவே கூடாது. நாம் கதவை இழுத்து மூடும் விசை முழுவதையும் தாங்குவது அது. அதை மறந்துவிட்டு பேடை இழுத்தால் பேட்தான் கிழியும்.

இந்தத் திருகுகளின் தலையில் இருக்கும் சிலுவை வடிவப் பள்ளத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஹென்றி ஃபிலிப்ஸ் 1936இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டிலேயே கேடிலாக் கார்த் தொழிற்சாலை இதைப் பயன்படுத்தத் தொடங்கியது. ஒற்றைக் கோட்டுத் திருகில் ஸ்குரூடிரைவரை நடுவில் வைக்கக் கண் வேண்டும். சிலுவைப் பள்ளத்தில் முனை தானாகவே நடுவுக்கு வந்துவிடும். வேகமாக ஓடும் உற்பத்தி வரிசைக்கு இது வரப்பிரசாதம்.

அந்த வரத்தோடு சாபமும் வந்தது. முனை நடுவுக்கு வருவதற்குக் காரணம் பள்ளத்தின் சுவர்கள் உள்நோக்கிச் சரிந்திருப்பதே. அதே சரிவில் முனையைத் திருப்பினால் கொஞ்சம் விசை முனையை வெளியே தள்ளுவதில் செலவாகிறது. ஸ்குரூடிரைவர் கடகடவென்று நழுவித் திருகின் தலையை மழுக்குவது இதனால்தான். சுழற்றும் விசையைக் கூட்டுவதைவிட, சரியான அளவு முனையை எடுத்து (கதவில் பெரும்பாலும் 2ஆம் எண்), உள்ளங்கையால் நேராக அழுத்தியபடி மெல்லத் திருப்புவதே இதற்கு மருந்து. ஜப்பானியக் கார்களில் வரும் திருகுகளின் பள்ளம் ஃபிலிப்ஸ் பள்ளத்துக்குச் சற்று மாறுபட்டது. அதனால் அவற்றில் சாதாரண ஸ்டார் இன்னும் எளிதாக நழுவும்.

கையால் சுற்றிக் கண்ணாடியை ஏற்றும் பழைய காரானால் இன்னொரு பூட்டு இருக்கிறது. மாருதி 800 வைத்திருந்தவர்களுக்கு அது தெரிந்திருக்கும். சுற்றும் கைப்பிடியில் திருகே இருக்காது. அதன் பின்னால், குதிரை லாட வடிவில் ஒரு சின்ன ஸ்பிரிங் கம்பி தண்டின் பள்ளத்தைக் கவ்விக்கொண்டிருக்கும். அதை எடுக்க மெக்கானிக்குகள் பழந்துணியைத்தான் தேடுவார்கள். கைப்பிடிக்கும் பேடுக்கும் இடையில் துணியை நுழைத்து, செருப்புக்குப் பாலிஷ் போடுவதுபோல் இப்படியும் அப்படியும் இழுத்தால், துணி கம்பியின் முனையைப் பற்றிப் பள்ளத்திலிருந்து தள்ளிவிடும். கம்பி பறந்துபோய் எங்காவது ஒளிந்துகொள்ளும், அதனால் இன்னொரு கையைக் குவித்து அணையாக வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது இந்த வித்தை தேவையில்லை. கம்பியைக் கைப்பிடியிலேயே செருகி, தண்டில் வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினால் போதும். கழற்ற ஒரு சாமர்த்தியம் வேண்டும், மாட்ட ஒரு தட்டு போதும். இந்த ஓரவஞ்சனைதான் அடுத்த பகுதியின் பொருள்.

ஒட்டுப்புல்லின் கணக்கு

கிராமத்து வரப்பில் நடந்து வந்தால் வேட்டிக் கரையில் ஒட்டுப்புல் ஏறியிருக்கும். ஏறியது நமக்குத் தெரிந்தே இருக்காது. பிடுங்கும்போதுதான் உயிர் போகும். தூண்டில் முள்ளும் அப்படித்தான். உள்ளே போகும் பக்கம் சரிவு மெலிது, வெளியே வரும் பக்கம் சரிவு செங்குத்து.

டோர் பேட் கிளிப்பின் தலையும் இதே அமைப்புதான். சுண்டுவிரல் நுனி அளவு. நைலானிலோ அசிட்டால் பிளாஸ்டிக்கிலோ செய்தது. முனை குறுகி, நடுவில் புடைத்து, கழுத்தில் மறுபடி ஒடுங்கும். கதவின் இரும்புத் தகட்டிலுள்ள துளைக்குள் அழுத்தினால் புடைப்பு அமுங்கி உள்ளே போய், மறுபக்கத்தில் விரிந்துகொள்ளும்.

இதில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிளாஸ்டிக்குக்கும் இரும்புக்கும் இடையிலான உராய்வுக் குணகம் 0.2 என்று வைத்துக்கொள்வோம். நுழையும் பக்கத்துச் சரிவு 25 டிகிரி, வெளியேறும் பக்கத்துச் சரிவு 60 டிகிரி. சாய்தள விதிப்படி கணக்கிட்டால், மாட்ட ஆகும் விசையைப்போல் சுமார் 4 மடங்கு விசை கழற்ற வேண்டும். பொருள் ஒன்று, துளை ஒன்று, மாறியது கோணம் மட்டும். வெளியேறும் சரிவை இன்னும் செங்குத்தாக்கிக்கொண்டே போனால் ஏறக்குறைய 79 டிகிரியில் ஓர் எல்லை வருகிறது. அதைத் தாண்டினால் எவ்வளவு இழுத்தாலும் உராய்வு அதைவிட அதிகமாகப் பிடிக்கும். கிளிப் உடையுமே தவிர வெளியே வராது. பொம்மைகளிலும் ரிமோட்டுகளிலும் ஒருமுறை மூடினால் பிறகு திறக்கவே முடியாத பிளாஸ்டிக் பெட்டிகள் இருக்கின்றனவே, அவற்றில் சில அந்த எல்லையைத் தாண்டியவை. கார்க் கதவின் கிளிப் அந்த எல்லைக்கு இப்பால் நிற்கிறது. ஒருநாள் இதை யாரோ கழற்ற வேண்டியிருக்கும் என்று வடிவமைத்தவர் நினைத்திருக்கிறார் என்பதற்கு அந்தக் கோணமே சாட்சி.

ஒரு பேடில் ஏழெட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிளிப்புகள் வரை இருக்கும். ஒரு கிளிப்புக்கு 5 கிலோ எடையளவு இழுவிசை வேண்டும், மொத்தம் 9 கிளிப் என்று வைத்துக்கொண்டால், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடுங்க 45 கிலோ ஆகும். ஒரு சிமென்ட் மூட்டைக்குச் சற்றுக் குறைவு. ஒவ்வொன்றாக விடுவித்தால் எப்போதும் 5 கிலோதான். தபால்தலைத் தாளைத் துளை வரிசையில் ஓரத்திலிருந்து கிழிப்பதுபோல, கீழ்மூலையில் தொடங்கி ஓரமாகவே போக வேண்டும். நெம்புகோலைக் கிளிப்புக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வையுங்கள். தள்ளி வைத்து இழுத்தால் விசை கிளிப்புக்குப் போய்ச் சேராமல் பேடை வளைப்பதிலேயே தீர்ந்துவிடும். இழுக்கும் திசை கதவுக்குச் செங்குத்தாக இருக்கட்டும். 'டப்' என்ற முதல் சத்தத்தில் நெஞ்சு திக்கென்றாலும் பயப்பட வேண்டாம், கிளிப் துளையைவிட்டு வந்த சத்தம் அது.

கிளிப் உடைந்தாலும் வருத்தப்பட ஒன்றுமில்லை. மின்சுற்றில் ஃபியூஸ் போல, பேடைக் காப்பாற்றத் தன்னைக் கொடுக்க வைத்த உறுப்பு அது. சில ரூபாய்க்குக் கிடைக்கும் கிளிப் உடைய வேண்டும், பல ஆயிரம் ரூபாய் பேட் பிழைக்க வேண்டும். ஆகவே வேலை தொடங்கும் முன்பே அதே மாதிரி கிளிப் நாலைந்து வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. நைலான் கிளிப்பில் ஒரு வேடிக்கை: காற்றிலுள்ள ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும், ஈரம் ஏறினால்தான் அதற்கு வளையும் குணம் வரும். எலும்பாகக் காய்ந்த நைலான் சட்டென்று ஒடியும். தொழிற்சாலைகளில் நைலான் உறுப்புகளுக்கு வேண்டுமென்றே ஈரமேற்றிப் பதப்படுத்துவதும் உண்டு.

பேட் பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன். இத்தாலிய வேதியியலாளர் ஜூலியோ நாட்டா 1954இல் இதைப் படிகத் தன்மையோடு உருவாக்கிக் காட்டினார். 1963இல் கார்ல் ஸீக்லரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஷாம்பூ பாட்டிலின் மூடி ஆயிரம் முறை மடங்கியும் அறுந்துபோகாமல் இருப்பது இந்தப் பிளாஸ்டிக்கின் பொறுமையால்தான். பேடும் அப்படியே நம் கையில் வளைந்து கொடுக்கும்.

கிளிப்புகள் எல்லாம் விட்டபின் பேடை நேராக இழுக்காதீர்கள். அதன் மேல்விளிம்பு, கண்ணாடி இறங்கும் இடுக்கில் கொக்கிபோல் மாட்டியிருக்கும். மேல்நோக்கித் தூக்க வேண்டும். தூக்கியதும் ஒரு சாண் தூரத்தில் நிறுத்தி, பின்னால் எட்டிப் பாருங்கள். பொத்தான்களுக்குப் போகும் வயர்களும், உள்கைப்பிடியிலிருந்து பூட்டுக்குப் போகும் கம்பியும் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு படம் எடுத்துக்கொண்டு அவற்றைக் கழற்றுங்கள். வயர் இணைப்பிலும் ஒரு சின்னச் சரிவுப் பூட்டு உண்டு. நாக்கை அழுத்தினால் விடும், வயரைப் பிடித்து இழுத்தால் அறும்.

நாட்டு ஓட்டு விதி

பேட் வந்ததும் கண்ணில் பட்டது ஒரு பிளாஸ்டிக் ஷீட். கதவின் இரும்பு எலும்புக்கூட்டில் பெரிய பெரிய ஓட்டைகள் இருக்க, அவற்றையெல்லாம் மூடியபடி, சுற்றிலும் கறுப்புப் பசையால் ஒட்டிய ஷீட். என் காரில் அதன் கீழ்ப்பகுதி ஒன்றரைச் சாண் நீளத்துக்குப் பெயர்ந்து தொங்கியது. முன்பு ரெகுலேட்டரை, அதாவது கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொறியை, மாற்றியவர் அந்த இடத்தில் பார்சல் ஒட்டும் பழுப்பு டேப்பை வைத்து ஒப்பேற்றியிருக்கிறார். ஒரு மழைக்கு அது தாங்கியிருக்கலாம். மூன்று நாள் மழைக்குத் தாங்கவில்லை.

பெரியவர் சொன்னது இப்போது புரிந்தது. கண்ணாடி ஏறி இறங்க வேண்டுமானால் கதவின் மேலே ஓர் இடுக்கு இருந்தே ஆக வேண்டும். அங்கே வெளிப்புறம் ஒரு ரப்பர் உதடு கண்ணாடியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. இறுக்கமாகப் பிடித்தால் கண்ணாடி நகராது. ஆகவே பெருமளவு நீரை வழித்து வெளியே விட்டு, மிச்சத்தை உள்ளே விட்டுவிடுகிறது. ஒவ்வொரு மழையிலும் ஒவ்வொரு வாட்டர் வாஷிலும் கதவுக்குள் தண்ணீர் இறங்குகிறது. உள்ளே இறங்கியது வெளித்தகட்டின் உட்புறமாக வடிந்து, கதவின் அடியிலுள்ள சின்னத் துளைகள் வழியே தரைக்குப் போய்விடுகிறது. இதை யாரும் கண்டுகொள்வதில்லை, ஏனென்றால் அது ஒழுங்காக நடந்துகொண்டே இருக்கிறது.

வழியில் ரெகுலேட்டர் மீதும் ஸ்பீக்கர் மீதும் பட்டுத் தெறிக்கும் நீர்தான் சிக்கல். அது ஓட்டைகள் வழியாக அறைப்பக்கம் வரப் பார்க்கும். அங்கே ஷீட் நிற்கிறது. என்னுடையது போன்ற பல கார்களில் ஷீட்டின் கீழ்விளிம்பு கதவுத் தகட்டின் இடுக்குக்குள் செருகியிருக்கும். ஷீட்டில் விழுந்த துளி வழிந்து வந்தால் நேரே கதவின் வயிற்றுக்குள்ளேயே திரும்பிப் போகும். நாட்டு ஓடு வேய்ந்த கூரையில் மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் படிந்திருக்குமே, அதே விதி. வரிசை மாறிக் கீழ் ஓடு மேலே ஏறினால் நல்ல ஓடாக இருந்தும் வீடு ஒழுகும். என் காரில் ஷீட்டின் கீழ்விளிம்பு இடுக்குக்கு வெளியே வந்து தொங்கியது. அவ்வளவுதான் கோளாறு. துளிகள் பேடின் பின்புறம் வழிந்தன. பேடின் கீழ்விளிம்பு கதவு ரப்பருக்கு உட்பக்கம் இருக்கிறது. ஆகவே ரப்பர் நன்றாக இருந்தும், தண்ணீர் அதற்கு உள்ளே வந்து கம்பளத்தில் விழுந்தது.

பழைய கார்களில் பேட் என்பது அழுத்திய மரநார் அட்டைமேல் ரெக்ஸின் போர்த்தியது. அங்கே ஷீட் கிழிந்தால் அட்டை ஊறி, அப்பளம்போல் நெளிந்து காட்டிக்கொடுத்துவிடும். இன்றைய பிளாஸ்டிக் பேட் ஊறாது, நெளியாது. கம்பளம் நாறும்வரை நமக்குத் தெரியாமலே போகிறது.

ஷீட்டுக்கு வேறு வேலைகளும் உண்டு. ஸ்பீக்கரின் கூம்பு முன்னே தள்ளும்போது பின்னே காற்று தளர்கிறது. முன்னலையும் பின்னலையும் தடையின்றிக் கலந்தால், குறிப்பாகத் தாழ்ந்த ஒலிகளில், ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மிருதங்கத்தின் தொப்பி காணாமல் போய்விடும். ஷீட் இரண்டுக்கும் நடுவே நின்று பிரிக்கிறது. புதிய கார்கள் சிலவற்றில் இன்னும் பெரிய பொறுப்பு இருக்கிறது. பக்கவாட்டில் மோதல் நேர்ந்தால் வெளித்தகடு உள்ளே அமுங்கி, கதவுக்குள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் சட்டென்று உயரும். அதை உணரும் அழுத்த உணரி ஏர்பேக்குக்குச் செய்தி அனுப்புகிறது. ஷீட் ஓட்டையாக இருந்தால் அந்தக் காற்று வேறு வழியில் கசியும். பார்சல் டேப் ஒட்டும் இடமல்ல இது.

பலாப் பிசினும் சைக்கிள் டியூபும்

ஷீட்டை ஒட்டியிருக்கும் கறுப்புப் பசை பியூட்டைல் ரப்பர் குடும்பத்தைச் சேர்ந்தது. பியூட்டைல் ரப்பர் 1937இல் அமெரிக்காவில் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தின் ஆய்வகத்தில் பிறந்தது. காற்று இதன் வழியே மிக மெதுவாகத்தான் ஊடுருவும், அதனால் சைக்கிள் டியூப்களுக்கும் கார் டியூப்களுக்கும் இதையே எடுத்துக்கொண்டார்கள். கதவில் வைக்கும் பசை காய்ந்து கெட்டியாவதே இல்லை. பத்து வருடம் கழித்துப் பிரித்தாலும் பலாப் பிசின்போல் இழுபடும். திரும்ப ஒட்ட முடிவது அதனால்தான். ஆனால் விரல் எண்ணெயும் தூசியும் படிந்தால் ஒட்டும் குணம் போய்விடும்.

இந்தப் பசை திண்மமாகவும் நடந்துகொள்ளும், திரவமாகவும் நடந்துகொள்ளும். குளிரில் விறைக்கும், சூட்டில் நூல்நூலாக நீளும். நம் ஊர் வெயிலுக்கு இதில் ஒரு நல்ல நேரக் கணக்கு இருக்கிறது. ஷீட்டைப் பிரிக்க விடியற்காலை நல்லது. பசை விறைப்பாக இருப்பதால் கத்தி முனையை ஓட்டினால் சுத்தமாகப் பிரியும். திரும்ப ஒட்ட முற்பகல் வெயில் நல்லது. பசை இளகி, தகட்டின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் பரவிப் பிடித்துக்கொள்ளும். மதியம் பிரித்து இரவில் ஒட்டுபவருக்கு இரண்டு வேலையும் தலைகீழாக அமையும்.

நான் பழைய டேப்பைப் பிய்த்து, தகட்டைச் சோப்புநீரால் துடைத்துக் காயவிட்டு, பெயர்ந்த இடத்தில் கடையில் கயிறாக விற்கும் புதிய பியூட்டைல் பசையை வைத்தேன். கீழ்விளிம்பை இடுக்குக்குள் செருகியபின் துணிச்சுருளால் அழுத்தித் தேய்த்தேன்.

கண்ணாடி ஏன் விழுவதில்லை?

ஷீட்டை ஒட்டுமுன், தகடு காய்வதற்குக் காத்திருந்தபோது கதவின் வயிற்றுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். சில கிலோ எடையுள்ள கண்ணாடியை ஒரு சின்ன மோட்டார் தாங்கிக்கொண்டிருக்கிறது. பேட்டரியைக் கழற்றிவிட்டேன், மின்சாரம் இல்லை. ஆனாலும் கண்ணாடி இறங்கவில்லை. எது பிடித்திருக்கிறது?

மறுபடி ஒரு சரிவுதான். மோட்டாரின் தண்டில் திருகுபோன்ற புரிகள் இருக்கின்றன; அவை ஒரு பல்சக்கரத்தோடு சேர்ந்து சுழல்கின்றன. வார்ம் கியர் என்பது இது. புரி என்பது உருளையைச் சுற்றிக்கொண்ட சாய்தளம். அதன் சரிவு போதுமான அளவு மெலிதாக இருந்தால் உராய்வே அதைப் பூட்டிவிடும். உராய்வுக் குணகம் 0.1 என்றால், ஏறக்குறைய 6 டிகிரிக்குக் குறைந்த சரிவில் சக்கரத்தால் தண்டைத் திருப்ப முடியாது. மோட்டார் கண்ணாடியை நகர்த்தும், கண்ணாடியால் மோட்டாரை நகர்த்த முடியாது. வண்டியைத் தூக்கும் திருகு ஜாக்கியை விட்ட இடத்தில் அது நிற்பதும் இதே விதியால். கிளிப் பகுதியில் பார்த்த 79 டிகிரி எல்லையும் இந்த எல்லையும் ஒரே விதியின் இரண்டு முனைகள். திருடன் கண்ணாடியைக் கீழே அழுத்தித் திறக்க முடியாமல் போவதும் இதன் உபயம்.

ரெகுலேட்டரைக் கழற்றும் வேலை இருந்தால் மட்டும் எச்சரிக்கை தேவை. அது போனால் இந்தப் பூட்டும் போய்விடும். கண்ணாடியை மேலே ஏற்றிக் கதவுச் சட்டத்தோடு சேர்த்து அகலமான டேப் போட்டுக் கட்டாமல் கதவுக்குள் கையை விடாதீர்கள்.

இறுக்கிப் பிடி, ஆனால் நகர விடு

மாட்டுவது கழற்றியதன் தலைகீழ் என்று எல்லாக் கையேடுகளும் ஒரே வரியில் முடித்துவிடும். அந்த ஒரு வரிக்குள் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. பேடைத் திருப்பிப் போட்டுக் கிளிப் உட்காரும் குழிகளைப் பாருங்கள். ஒன்றிரண்டு மட்டும் கிளிப்பைக் கச்சிதமாகப் பிடித்திருக்கும். மற்றவற்றில் கிளிப்பை விரலால் தள்ளினால் பக்கவாட்டில் நகரும். தளர்ந்துவிட்டதோ என்று தோன்றும். இல்லை, வேண்டுமென்றே அப்படிச் செய்தது அது.

காரணம் வெயில். கனிமத்தூள் கலந்த பாலிப்ரோப்பிலீன் 1 மீட்டர் நீளத்துக்கு, 1 டிகிரி சூட்டுக்கு, சுமார் 0.08 மில்லிமீட்டர் நீளும். இரும்பு 0.012 மில்லிமீட்டர்தான் நீளும். காலையில் 25 டிகிரியிலிருந்த 1 மீட்டர் நீளப் பேட், வெயிலில் நிறுத்திய காருக்குள் 70 டிகிரிக்குப் போனால் 3.6 மில்லிமீட்டர் நீண்டிருக்கும். அதன் பின்னாலுள்ள இரும்பு அரை மில்லிமீட்டர்தான் நீண்டிருக்கும். இந்த 3 மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கு இடம் கொடுக்காமல் எல்லா இடத்திலும் இறுக்கிப் பூட்டினால் பேட் நடுவில் உப்பும், அல்லது கிளிப் ஒடியும். ஆகவே ஓர் இடத்தில் நங்கூரம் போட்டு, மற்ற இடங்களில் வழுக்க விட்டிருக்கிறார்கள். நகரும் கிளிப்பை அசையாமல் செய்கிறேன் என்று பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள்.

மாட்டும் வரிசை இது. எல்லாக் கிளிப்பும் பேடில் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள்; இரும்பிலேயே தங்கிவிட்டவற்றை எடுத்துப் பேடில் பொருத்துங்கள். பூட்டுக் கம்பி, வயர்கள். பிறகு மேல்விளிம்பின் கொக்கியை முதலில் மாட்டிக் கீழே இறக்குங்கள். நங்கூரக் கிளிப்பைத் துளையோடு நேர்படுத்துங்கள். அதன்பின் ஒவ்வொரு கிளிப்பின் மேலும் உள்ளங்கையால் ஒரு குத்து. 'டக்' என்ற சத்தம் வரவில்லையென்றால் கிளிப் துளைக்கு நேராக இல்லை என்று பொருள். இன்னும் பலமாகக் குத்தாமல் எடுத்துப் பார்த்து நிமிர்த்துங்கள். திருகுகள் கடைசி.

பேட்டரியை மாட்டுமுன் பொத்தான் இணைப்புகளை எல்லாம் சேர்த்தாயிற்றா என்று ஒருமுறை பாருங்கள். மாட்டியபின், கதவை மூடாமலே, கண்ணாடி, பூட்டு, உள்கைப்பிடி மூன்றையும் சோதியுங்கள். பூட்டின் நாக்கை ஸ்குரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளி, கைப்பிடியை இழுத்தால் விடுகிறதா என்று பார்க்க வேண்டும். கம்பியை மாட்ட மறந்து கதவை மூடிவிட்டால் பிறகு அந்தக் கதவைத் திறக்கும் கதை தனி அத்தியாயம்.

ஓட்டும்போது கிறீச்சென்ற புதுச் சத்தம் வந்தால், இரண்டு பரப்புகள் ஒட்டியும் வழுக்கியும் மாறிமாறி நகர்கின்றன என்று அர்த்தம். வயலின் வில் தந்தியைப் பேச வைப்பதும் இந்த முறையில்தான். உரசும் இடத்தில் ஒரு துண்டு கம்பளித் துணிப் பட்டை ஒட்டினால் கச்சேரி நின்றுவிடும். கடகடவென்ற சத்தமானால் எங்கோ ஒரு கிளிப் உட்காரவில்லை, அல்லது ஒரு வயர் கட்டவிழ்ந்து தகட்டில் மோதுகிறது.

அன்று மாலை கதவின் கண்ணாடிமேல் இரண்டு வாளித் தண்ணீரை மெல்ல ஊற்றினேன். கதவின் அடித்துளைகளிலிருந்து மூன்று தாரைகளாகத் தரையில் கொட்டியது. கம்பளத்தில் ஒரு சொட்டும் இல்லை. மொத்தச் செலவு ஒரு சுருள் பியூட்டைல் பசையும் இரண்டு கிளிப்பும்.

இந்த வேலையை நீங்களே செய்ய வேண்டும் என்று கட்டாயமில்லை. பட்டறையிலேயே விடலாம். ஆனால் கண்ணாடி, பூட்டு, ஸ்பீக்கர் என்று எந்த வேலைக்காகக் கதவைப் பிரித்தாலும், பேடை மாட்டும் முன் பக்கத்தில் போய் நின்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஷீட்டை ஒட்டியாச்சா அண்ணே? கீழ் ஓரம் உள்ள போயிருக்கா?" கேட்பதற்கு ஒரு நிமிடம் ஆகும். கேட்காவிட்டால் அடுத்த மழையில் கால்மிதியைத் தூக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.